ஞாயிற்றுக்கிழமைக் கொக்கி

படித்தவன் சொல்லும் பொய் பார்க்க நாகரிகமாக இருக்கும். ஆராய்ச்சி மாணவனாக விடுதியில் இருந்தபோது நான் சொன்ன பொய், "வீட்ல பிசினஸ்." உண்மையில் பழங்காநத்தத்தில் என் அண்ணனுக்கு ஆட்டுக்கறிக் கடை. அவர் வெட்டித்தான் நான் படித்தேன். (பள்ளிக்கூட வாசலை மிதித்த எங்கள் வீட்டு முதல் ஆள்!) "என்ன பிசினஸ்?" என்று எவனும் கேட்டுவிடக் கூடாதே என்று மெஸ்ஸில் மூலை மேசையில் தனியாகவே சாப்பிடுவேன்.

செமினார் வந்தது. தேறினால் முனைவர் பட்டத்துக்குப் பதிவு, இல்லையென்றால் கடைதான்.

மேக்ரோபேஜ் என்ற வெள்ளணு கிருமியை விழுங்கி, துண்டாக்கி, ஒரு துண்டைத் தன் மேல்பரப்பில் மாட்டி, டி செல் என்ற இன்னொரு வெள்ளணுவுக்குக் காட்டும். இன்டர்ஃபெரான் என்ற புரதம் வந்தால் இன்னும் அதிகமாகக் காட்டும். இதுதான் என் தலைப்பு. மனப்பாடம் செய்த ஆங்கிலம் நாலாவது நிமிடம் தீர்ந்தது. ஸ்லைடு தலைகீழாக விழுந்தது.

"தமிழ்லயே சொல்லுங்க தம்பி," என்றார் முன்வரிசைப் பேராசிரியர். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வினை.

"சார், ஆட்ட உரிச்சாலும் கிடான்னு தெரியுற அடையாளத்த மட்டும் அறுக்காமத் தொங்கவிடுவோம். அதப் பாத்தாத்தான் ஆளு வாங்குவாரு. செல்லும் அப்படித்தான். இன்டர்ஃபெரான்ங்கிறது ஞாயித்துக்கிழமை சார். கூட்டம் கூடக் கூட, மாட்டுற கொக்கியும் கூடும்."

"இம்புட்டு வெவரம் எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

"எங்க கடை சார்."

அரங்கமே சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, கூட்டம் போனப்புறம் கொக்கிய எது எறக்கும்?"

தலைகீழாகக் கிடந்த ஸ்லைடைத் திருப்பிப் போட்டேன்.

"ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அன்று மெஸ்ஸில் முதல்முறையாக என் மேசை நிறைந்தது. "மாப்ள, நெஞ்செலும்பு கிடைக்குமா?" தட்டை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

கடையில் அண்ணன் கறி வெட்டும் கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு? என்ன கேட்டாங்க?"

"கூட்டம் போனா கொக்கிய யாரு எறக்குறதுன்னு கேட்டாங்கண்ணே. தெரியல."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "இம்புட்டுப் படிச்சும் இது தெரியலையா? நாந்தான்டா எறக்குறேன்!"

ஆறு மாதம் நூலகத்தில் கிடந்து எதையோ சொல்லித் தேறிவிட்டேன். ஆனால் இன்றும் ஞாயிறு மதியம் கடைசிக் கொக்கியை இறக்கும்போது அண்ணன் வாடிக்கைக்காரர்களிடம் சொல்வார்: "எந்தம்பி டாக்டர் பட்டம் வாங்குனவன். இது ஒண்ணுதான் அவனுக்குத் தெரியாது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். 'பிசினஸ்' கதையை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.