நிலவறைக்கு வெட்டிய கிடங்கு

கொக்குவில்,
1938 ஆனி 20.

ஈப்போவில் சுகமாக இருக்கும் என் மச்சான் நமசிவாயத்துக்கு, உம்முடைய தங்கை பராசக்தியைக் கைப்பிடித்த சோமசேகரம் எழுதிக்கொள்வது. தெய்வ கிருபையால் இங்கே எல்லாம் நலம், என் மானம் ஒன்றைத் தவிர. அது பன்னிரண்டடி ஆழத்தில் கிடக்கிறது.

நீர் தை மாதம் பென்சனோடு வருவதாக எழுதியதிலிருந்து எனக்கு ஈப்போவில் நாம் வேலை பார்த்த துரையின் பங்களா நிலவறை நினைவுதான். மத்தியான வெயிலில், பழைய கோப்புத் தேடுகிற சாட்டில் உள்ளே இறங்கி, அவருடைய போத்தல்களுக்கு நடுவே சாக்கின் மேல் இருந்து நாம் ஊர்க்கதை கதைத்த அந்தப் பதினெட்டு வருடச் சுகம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. ஒருநாள் துரையே இறங்கி வர, நீர் எலி பிடிப்பதாகச் சொல்லப்போய், அவர் உமக்கு ஒரு பூனை வாங்கித் தந்தாரே. அதை நினைத்து இப்போதும் தனியே சிரிக்கிறேன். பென்சன்காரருக்கு மூளை இளகிவிட்டது என்கிறார்கள் அயலவர்கள்.

ஆகவே வீட்டோடு தென்புறம் ஓர் அறை கூட்டிக் கட்டி, அதன் கீழே நமக்கென்று ஒரு நிலவறை எடுக்கத் தீர்மானித்தேன். ஊரில் ஆழமாகத் தோண்டத் தெரிந்தவர் கிணறு வெட்டுகிற தம்பிராசா ஒருவர்தான். அங்கேதான் பிழை வந்தது. மூன்றடி செம்மண், பிறகு வெள்ளைக்கல், மூன்று இரும்பு அலவாங்கு வளைந்தது, பன்னிரண்டடியில் மனிதர் பிள்ளைப்பேறு பார்த்தவர் போல முகம் மலர மேலே ஏறி வந்தார்.

"ஐயா, தேங்காய் உடையுங்கோ. ஊற்று வந்திட்டுது."

"நான் தண்ணி கேட்டனானோ?"

"கேளாமலே வந்திருக்கு. குடிச்சுப் பாருங்கோ, இளநி மாதிரி."

நாற்பது வருடமாகத் தண்ணீரைக் கண்டால் வேலை முடிந்தது என்றே பழகியவர். ஊற்றுக் கண்டவருக்குக் கொடுக்கிற வேட்டி சால்வைக்குக் காத்து நிற்கிறார். எங்கள் பழைய கிணற்றுத் தண்ணீர் உப்பு, குளிக்கத்தான் ஆகும் என்பது உமக்குத் தெரியும். அயல் முழுவதும் செம்போடு வந்து குடித்துவிட்டு என்னைப் புண்ணியவான் என்றது. பக்கத்து வளவுக் குணலட்சுமி அக்கா மட்டும், "வீட்டுக்குள்ளை கிணறு வெட்டின ஒரே மனிசன் உவர்தான்," என்று சுன்னாகம் சந்தை வரை சொல்லிவிட்டா.

நான் விடவில்லை. பனையோலைப் பட்டையால் தண்ணீரை இறைப்பித்து, அடியில் ஒரு முழக் கனத்துக்குக் கொங்கிறீட் ஊற்றுவித்தேன். "ஊற்றுக் கண்ணை மூடக்கூடாது ஐயா, பாவம்," என்று தம்பிராசா தலையில் கைவைத்தார். மூன்றாம் நாள் பார்த்தால் கொங்கிறீட் அருமையாக இறுகியிருக்கிறது. அதன் மேல் நெஞ்சளவு தண்ணீர்.

பராசக்தி கரையில் நின்று பார்த்தாள். "உந்த ஊற்றை மூடப்போறியளோ?"

"ஓம். வெள்ளிக்கிழமை இன்னும் ரெண்டு பீப்பாச் சீமெந்து ஊத்துவன். உன்ரை அண்ணை வந்தால் இருந்து கதைக்க இடம் வேண்டாமோ?"

"செய்யுங்கோ," என்று குடத்தை எடுத்துக்கொண்டு குணலட்சுமி அக்கா வீட்டுக்குப் போனாள்.

ஆகவே தைக்குள் நிலவறை தயார், நம்பி வாரும். பிள்ளைகள் நோய்நொடியின்றி நீடு வாழ சிவன் துணை நிற்க.

இப்படிக்கு,
தோல்வி அறியாத உம்முடைய மச்சான்,
சோமசேகரம்.

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு, மறுபடி குடத்தோடு புறப்பட்ட பராசக்திக்குப் பின்னால் சும்மா போனேன். குணலட்சுமி அக்கா வீட்டார் தங்கள் நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளி முடியும்வரை குடத்தோடு வெயிலில் நின்றாள். "எத்தினை நாளாய் இப்பிடி நிக்கிறாய்?" என்றேன். "கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து. எழுதினால் நீங்கள் அங்கை கவலைப்படுவியள் எண்டு எழுதேல்லை," என்றாள். நாம் நிலவறையில் குளிர்ச்சியாக இருந்த பதினெட்டு வருடமும் அவள் அங்கே நின்றிருக்கிறாள், மச்சான். நான் ஊருக்கு வந்து இரண்டு வருடமாகியும் காணவில்லை. வெள்ளிக்கிழமை தம்பிராசா அந்தக் கொங்கிறீட்டை உடைக்கிறார். சீமெந்து முழுவதும் கிணற்றுக் கட்டுக்கு. நீர் ஊருக்கு வந்ததும் முதலில் ஒரு குடம் அள்ளி உம்முடைய தங்கைக்குக் கொடும். துரையின் கதையை நாம் பிறகு வெயிலில் நின்று கதைப்போம்.