ஷேட் கார்டு அண்ணாவின் ஏழு கோட் கேக்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரைக்கும் போகிற சாலையில், மனிதர்களையெல்லாம் சுவர்களாகவே பார்த்த ஒரே ஆசாமி ஷேட் கார்டு அண்ணாதான். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பக்கத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். நிறங்களை வரிசையாக அச்சடித்த ஷேட் கார்டு எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். யார் வீட்டுக்கு என்ன நிறம் விற்றாரோ, அதுதான் அவருடைய அகராதியில் அவர்கள் பெயர். கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பிஸ்தா பச்ச வந்துட்டாரு. வெங்காயத்தோலு இன்னும் காணோமே?" என்று கவலைப்படுவார். எதிரில் இருப்பவர்கள் இலையைப் பார்த்துக் குழம்புவார்கள்.

அவர் வீட்டு மாடியில் நான் குடிவந்த அன்று அட்வான்ஸ் பற்றிப் பேசவில்லை, சைவமா அசைவமா என்றும் கேட்கவில்லை. "இன்னா கலர் புடிக்கும்?" என்றார்.

"நீலம்ணா."

"எந்த நீலம்?"

"சாதா நீலம்தான்."

மனைவி ஸ்டெல்லா அக்காவை அவர் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். "சாதா நீலமாம் ஸ்டெல்லா. பாவம், பெத்தவங்க கவனிக்கல போல கீது." அன்றிலிருந்து அந்தத் தெருவில் என் பெயர் சாதா நீலம்.

இப்படிப்பட்டவர் ஈஸ்டருக்குக் கேக் செய்தால் எப்படியிருக்கும்? ஏழு நிறத்தில் ஏழு அடுக்கு. அடுக்கு என்று நாம் சொல்லக் கூடாது, கோட் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் சுட்டெடுத்து மின்விசிறிக்குக் கீழே காயப் போடுவார். "ஒரு கோட்டு காயாம அடுத்த கோட்டு அடிச்சா உரிஞ்சிகினு வந்துடும் தம்பி." கேக் உரியாது அண்ணா என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முப்பது வருஷமாகப் பெயிண்ட் விற்கிறவரிடம் எடுபடவில்லை. க்ரீமைப் பட்டி பூசும் தகட்டால் இழைப்பார். மட்டப்பலகை வைத்துப் பார்ப்பார். இத்தனையும் முடிந்து கேக் மேஜைக்கு வரும்போது அதில் ஆணி அடித்து காலண்டர் மாட்டலாம்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க அவர் இனிப்பைத் தொடமாட்டார். அதனால் மாவை ருசி பார்ப்பது என் உத்தியோகம். நெற்றியில் விபூதியோடு ஆபீஸ் கிளம்பும் என்னை மாடிப்படியிலேயே மறித்து, "உனக்குத்தான் விரதம் இல்லியே, நாக்க நீட்டு" என்பார். ஆபீஸில் பச்சை நாக்கோடு மேனேஜரிடம் பேசிய கதையெல்லாம் எனக்கு உண்டு.

ஈஸ்டர் காலையில் கோயிலிலிருந்து வந்ததும் தெரு முழுக்க விநியோகம் நடக்கும். கடித்துப் பல் ஆடியவர்கள் உண்டு. ஸ்டெல்லா அக்கா மட்டும் டீயில் முக்கி, ஊறவைத்து, "இந்த வருஷம் நல்லா வந்திருக்குங்க" என்று நிதானமாகச் சாப்பிட்டு முடிப்பார்.

நான் வந்த முதல் வருஷம் கேக்கின் நிறங்கள் பூப்போல இளசாக இருந்தன. அடுத்த வருஷம் கொஞ்சம் அடர்த்தி. அதற்கடுத்த வருஷம் பார்த்தாலே கண் கூசியது. எதிர்வீட்டு பிஸ்தா பச்சை நேராகவே கேட்டார்: "இன்னாண்ணா, கட்சிக்கொடி கணக்கா கீது?" அண்ணா சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கு மறு வருஷம் மாவு ருசி பார்க்க உட்கார்ந்தபோது நானும் சொன்னேன். "அண்ணா, கலர் கொஞ்சம் கம்மியா போடலாமே. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே, இளசா இருந்தாதான் அழகுன்னு."

அவர் சிவப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனார். "ஸ்டெல்லா, இது இன்னா கலரு சொல்லு."

அக்கா கிண்ணத்தைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தார். "தெரியலீங்க. இன்னும் கொஞ்சம் போடுங்க."

இரண்டு சொட்டு விட்டார். பிறகு இன்னும் இரண்டு. "ஆங், சிவப்பு" என்றார் அக்கா. அண்ணா திரும்பி வந்து அடுத்த கிண்ணத்தை எடுத்தார். அக்காவுக்குக் கண் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, வைத்தியமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதை அப்போதுதான் என்னிடம் சொன்னார். வருஷத்தில் இந்த ஒரு நாளாவது அவள் ஏழு நிறத்தையும் பார்த்துவிட வேண்டும் என்றார். அந்த வருஷம் ஏழு நிறத்தையும் சரியாகச் சொல்லிவிட்டார் அக்கா.

போன வருஷம் சிவப்பு பாட்டிலின் மூடி திறக்காமல் அடம்பிடித்தது. அண்ணா எப்போதும் சிவப்பில்தான் ஆரம்பிப்பார். அன்று வேறு வழியில்லாமல் பச்சையை முதலில் கலந்து, அக்காவிடம் கொண்டுபோனார். கிண்ணத்தில் இருந்தது வாழைக்குருத்து இல்லை, பாசி. அதற்கு மேல் அடர்ந்த பச்சை உலகத்தில் கிடையாது.

"சொல்லு ஸ்டெல்லா."

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "சிவப்பு" என்றார்.

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கரெக்ட்டு" என்றார்.

அடுத்து நீலத்தைக் காட்டினார். அக்கா ஆரஞ்சு என்றார். "கரெக்ட்டு." அதற்கடுத்ததை மஞ்சள் என்றார். வழக்கமான வரிசையை மனதில் வைத்து அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, இவர் ஒவ்வொன்றுக்கும் கரெக்ட்டு போட்டுக்கொண்டே வந்தார். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

மறுநாளே எல்லா வீட்டுக்கும் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஈஸ்டரில் கேக்கின் நிறத்தை யாரும் கிண்டல் செய்யவில்லை. பிஸ்தா பச்சை இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஒரு நாள், கடையில் யாருக்கோ நிறம் கலந்துகொண்டிருந்தபோதே அண்ணா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த வருஷ ஈஸ்டருக்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா தடவித் தடவி டீ போட்டு வைத்திருந்தார். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டதும், "என்ன கலர் தம்பி?" என்றார்.

"வெள்ளைக்கா."

"எந்த வெள்ளை?"

"சாதா வெள்ளைக்கா."

அக்கா சிரித்தார். "அவர் இருந்திருந்தா இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார்." பிறகு, "போன வருஷம் நான் சொன்னது ஒண்ணுகூட சரியில்லதானே தம்பி?" என்றார். "கரெக்ட்டுன்னு சொல்றப்ப அவருக்கு குரல் கம்மிப்போச்சு. அப்பவே தெரிஞ்சுது. அவர் ஆசையா கேக்கறாரேன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டேன்."

நான் ஒரு துண்டு வெட்டி அவர் கையில் கொடுத்தேன். பழக்க தோஷத்தில் டீயில் முக்கினார். முக்கியதுமே அது கரைந்து தம்ளருக்குள் போய்விட்டது. வெறும் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப மெத்துன்னு இருக்கு" என்று சொல்லி அழ ஆரம்பித்தார். என் வாயில் இருந்த துண்டும் அப்படித்தான் இருந்தது, கடிக்கவே வேண்டியிருக்கவில்லை. பல் ஆடினாலும் பரவாயில்லை, எனக்கு அண்ணாவின் கேக்தான் வேண்டும் போலிருந்தது.