கண்டக்டர் நானா ஏற்றிய போட்

உலகத்தில் திசைகள் இரண்டே இரண்டுதான் என்று நம்பி, அதனால் ஒரு குறையுமில்லாமல் வாழ்ந்து முடித்த ஒரே மனிதர் எங்கள் கண்டக்டர் நானாதான். ஒன்று கல்பிட்டிப் பக்கம். மற்றது பாலாவிப் பக்கம். வலம், இடம், வடக்கு, தெற்கு எல்லாம் படித்தவர்கள் பொழுது போகாமல் கண்டுபிடித்த சாமான்கள் என்பது அவர் கட்சி. தொழுகைக்கு மட்டும் கடல் பக்கம் என்று மூன்றாவதாக ஒன்றை ஒத்துக்கொண்டிருந்தார். அது மார்க்க விஷயம், அதில் அவர் கை வைக்கமாட்டார்.

காரணம் இருந்தது. பாலாவியிலிருந்து கல்பிட்டி வரை நீளும் வீதியில் ஓடும் பஸ்ஸில் மீசை முளைத்த வயதில் ஏறியவர், தாடி நரைத்த பிறகுதான் இறங்கினார். எங்கள் ஆலங்குடா நடுவழியில் கிடக்கிறது. பஸ் ஒன்றில் அந்தப் பக்கம் போகும், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் போகும். வேறெங்கே போக?

கலியாண வீட்டில் நடுவில் பெரிய சகன் தட்டு வைத்து, சாப்பாட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்ததும் அறிவித்துவிடுவார்: “பாலாவிப் பக்கம் இரிக்கிற கோழித்துண்டு எனக்கு!” எது பாலாவிப் பக்கம் என்று மற்றவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்து முடிக்குமுன் துண்டு போய்விடும். புத்தளத்துப் பல் டாக்டர் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டதற்கு, “கல்பிட்டிப் பக்கம், கடைவாய்” என்றாராம். டாக்டர் வெளிச்சத்துக்காகக் கதிரையைத் திருப்பிவிட்டு மறுபடி கேட்டிருக்கிறார். “இப்ப பாலாவிப் பக்கம். நீங்கதானே கதிரையைத் திருப்பினீங்க!” என்று நானா ஏசியிருக்கிறார். அன்று பல்லைப் பிடுங்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு அவருக்கு நோய்போல ஒரு வருத்தம் பிடித்தது. பின்னுக்குப் போகிற எதைக் கண்டாலும் சும்மா இருக்க ஏலாது. லொறியாகட்டும், ஆட்டோவாகட்டும், ஓடிப்போய்ப் பின்னால் நின்று, “வரட்டும்! வரட்டும்! கல்பிட்டிக்கு வெட்டு! ஆ, வரட்டும்!” என்று தொடங்கிவிடுவார். நிற்பாட்ட ஒரு தட்டு, போக இரண்டு தட்டு. ஒருநாள் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கிய ஆடொன்றையும் இப்படி ஒழுங்காக வேலியோரம் கொண்டுபோய் விட்டதை நானே கண்ணால் பார்த்தேன்.

இப்படிப்பட்ட மனிதரை நான் ஏன் போட் ஏற்றக் கூப்பிட்டேன் என்று கேட்டால், கூப்பிடவில்லை. அவராக வந்தார்.

நானும் என் மச்சான் ரிஸ்வானும் உல்லாசப் பயணிகளுக்கு டொல்பின் காட்டும் தொழில் செய்தோம். பழைய போட் சின்னது. நாலு பேர் தோள் கொடுத்தால் கரைக்கு வந்துவிடும். பிறகு எங்களுக்கு ஆசை பெருத்து, இரண்டு எஞ்சினும் கூரையுமாக ஒரு பெரிய போட் வாங்கினோம். என் பொஞ்சாதியின் வளையல்கள், வாப்பா விட்டுப்போன தென்னந்தோட்டத்தில் ஒரு மூலை, ரிஸ்வான் கட்டாரில் குடித்த வெயில், எல்லாம் அந்தப் போட்டுக்குள்தான். அதை இழந்தால் இரண்டு குடும்பமும் தெருவில்.

எங்கள் ஊரில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழும்புமுன் போட்டுகளைக் கடலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எழும்பிவிட்டால் கரையில் அடிக்கும் அலை எதையும் மிச்சம் வைக்காது. சின்னப் போட்டைத் தென்னைக்குக் கீழே இழுத்துப் போடலாம். பெரியதை டிரெயிலரில் ஏற்றி, ரோட்டைக் கடந்து, அலையில்லாத களப்புப் பக்கம் கொண்டுபோய்த்தான் இறக்கவேண்டும். டிரெயிலர் வந்தது. மாம்புரியில் வெங்காயத் தோட்டம் செய்யும் ஒருவரிடம் டிரக்டர் இரவல் வந்தது. ஏற்றத்தான் எங்களுக்குத் தெரியாது.

“யூடியூப்ல பாத்திட்டன் மச்சான். லேசான வேல” என்றான் ரிஸ்வான்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். வெள்ளைக்காரன் ஒருவன் சிமெந்துத் தளத்தில், குளம் போன்ற தண்ணீரில், ஒரு கையில் கோப்பியோடு ஏற்றுகிறான். எங்களுக்கு மணல், அலை, வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊர். டிரக்டரில் நான், போட்டில் ரிஸ்வான். டிரெயிலருக்குப் பின்னால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்டக்டர் நானா.

“கல்பிட்டிக்கு வெட்டு!”

வெட்டினேன். டிரெயிலர் பாலாவிக்குப் போனது.

“டேய், கல்பிட்டி தெரியாதா ஒனக்கு?”

“ஸ்டியரிங்கைக் கல்பிட்டிக்குத்தான் நானா வெட்டினன்!”

“அப்ப இதேன் பாலாவிக்குப் போகுது? பஸ் இப்படிச் செய்யாதே!”

பஸ் செய்யாது. இழுத்துப் போகிற சாமான் செய்யும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் வெட்டினால் டிரெயிலர் மற்றப் பக்கம் போகும். இது விளங்க எனக்கு ஒரு காலை முழுக்க எடுத்தது. மாறி வெட்ட வேண்டும் என்று நான் திருந்தினேன். மாறிச் சொல்ல வேண்டும் என்று நானாவும் திருந்தினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருந்தியதால் டிரெயிலர் மறுபடியும் பிழையான பக்கமே போய் மணலில் புதைந்தது. ஊர் கைதட்டியது.

பொறுக்கமுடியாமல், “வலம், இடம் எண்டு செல்லுங்களேன் நானா!” என்று கத்தினேன்.

“யார்ட வலம்? நீ கரையைப் பாத்து இரிக்காய், நான் கடலைப் பாத்து நிக்கன், அவன் போட்ல ஆடிக்கிட்டு இரிக்கான். கல்பிட்டி எல்லாருக்கும் ஒண்டுதான்!”

நியாயம்தான். ஆனால் டிரெயிலருக்கு அந்த நியாயம் தெரியவில்லை. அது சொன்ன பக்கம் போகவில்லை.

ஒருவழியாகத் தண்ணீருக்குள் இறக்கினால் அடுத்த வில்லங்கம். கொஞ்சமாக இறக்கினால் போட்டின் மூக்கு வந்து இடிக்கிறது. கூட இறக்கினால் போட் மிதந்து டிரெயிலருக்கு மேலால் உல்லாசப் பயணம் போகிறது. சின்னப் போட்டென்றால் தோளால் தள்ளி நேராக்கலாம். இதைத் தள்ளினால் இது நம்மைத் தள்ளுகிறது. நானா போட்டின் வயிற்றில் தட்டித் தட்டி, “முன்னுக்குப் போங்க, முன்னுக்கு இடமிரிக்கி! வாசல்ல நிக்காதீங்க!” என்று அதட்டினார். வாய் பழக்கம். போட்டில் இருந்த ரிஸ்வானுக்குச் சிரிப்பில் எஞ்சினைப் பிடிக்க முடியவில்லை. அன்று போட் ஏறவில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று நங்கூரம் போட்டுவிட்டு வந்தோம்.

விடிந்தபோது கச்சான் வந்திருந்தது.

தென்னோலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. கடல் மண் நிறமாகக் கிடந்தது. போட் நங்கூரத்தோடு இழுபட்டு இழுபட்டுக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. என் பொஞ்சாதி கரைக்கு வந்து, வளையல் இல்லாத கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ரிஸ்வான் நீந்திப்போய்ப் போட்டில் ஏறி நங்கூரத்தை எடுத்தான். நான் டிரக்டரைப் பின்னுக்கு எடுத்தேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. டிரெயிலர் நேராகப் போனது, அல்ஹம்துலில்லாஹ். போட்டும் நேராகத்தான் வந்தது. டிரெயிலருக்குக் கிட்ட வந்ததும் எஞ்சின்கள் மணலை உறிஞ்சி, ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. போட் அலைக்கு விலா காட்டித் திரும்பத் தொடங்கியது. இன்னும் இரண்டு அலை வந்தால் கவிழ்ந்து பலகை பலகையாகக் கரைக்கு வரும்.

ரிஸ்வான் முன்கயிற்றை எறிந்தான். அதைப் பிடித்தது கண்டக்டர் நானா.

பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். இடுப்பளவு, நெஞ்சளவு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு முழுப் பாரத்தோடும் சாய்ந்து போட்டின் மூக்கைக் கரைப் பக்கம் திருப்பினார். ஒரு அலை வந்தது. தொப்பி மட்டும் மிதந்தது, ஆளைக் காணவில்லை. பிறகு இருமிக்கொண்டு மேலே வந்தார், கயிறு கையிலேயே இருந்தது. அந்த மனிசனுக்கு நீந்தத் தெரியாது. ஊருக்கே தெரியும் அது.

நான் டிரக்டரில் எழும்பி நின்று கத்தினேன். “விடுங்க நானா! கயித்தை விடுங்க! போட் போனாப் போகட்டும்! நீங்க மேல வாங்க!”

என் வாயால் அது வந்ததைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். கரையில் நிற்கிற பொஞ்சாதியை அந்த நேரம் நான் திரும்பியும் பார்க்கவில்லை.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டு, “வாயைப் பொத்திக்கிட்டுப் பின்னுக்கு வாடா!” என்றார். “வரட்டும்! வரட்டும்! கல்பிட்டிக்கு! இன்னும் கல்பிட்டிக்கு! ஹா!”

எப்படி வெட்டினேன் என்று எனக்குத் தெரியாது. அடுத்த அலை போட்டைத் தூக்கி டிரெயிலருக்கு மேலே வைத்தது. ரிஸ்வான் குதித்துக் கொளுவியை மாட்டினான். டிரெயிலரின் விலாவில் இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. நான் டிரக்டரை மேலே இழுத்தேன். பின்னால் ஒரு கையால் டிரெயிலரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட நானாவும் வந்தார். என் பொஞ்சாதி ஓடிவந்து முதலில் அவருக்குத்தான் துவாயைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஏற்றினோம், இறக்கினோம். பழகிவிட்டது. நானா அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடையில் வருடக்கணக்காகச் சீவித்தார். நெஞ்சளவுத் தண்ணீர் முதலில் கழுத்தளவானது, பிறகு பள்ளிவாசல் மினாரா அளவானது. ரிஸ்வான் அழுததைச் சொல்வார், அவன் அழவேயில்லை. நான் டிரக்டரில் எழும்பி நின்றதைச் சொல்வார், அது உண்மை. நான் கத்தியதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருநாள் கடையில் இருவரும் தனியாக இருந்தபோது கேட்டேன்.

“எல்லாத்தையும் அவுத்து விடுறீங்க. நான் கத்தினதை மட்டும் ஏன் நானா ஆருக்கும் செல்றல்ல?”

அவர் பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, “எல்லாத்தையும் ஊருக்குக் குடுக்க ஏலாது தம்பி” என்றார். “அது எனக்கு.”

போன நோன்பு மாதம் அவர் மௌத்தானார். ஜனாஸா வீட்டில் ஊரே அவர் கதையைச் சொல்லி அழுதுகொண்டே சிரித்தது. நான் கத்தியதை அங்கேயும் சொல்லவில்லை. இன்றைக்கு இங்கே எழுதிவிட்டேன். அவருக்குக் கோபம் வரட்டும். அப்படியாவது ஒருமுறை வந்து, என்னை வாய்நிறைய ஏசிவிட்டுப் போகட்டும்.