சூரிய சக்தியும் பெரியம்மாவின் மோர்மிளகாயும்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து யதுர்சிகா எழுதிக்கொள்வது. நீங்கள், பெரியப்பா, சயந்தன் அண்ணா எல்லோரும் கனடாக் குளிரிலும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நாங்கள் மூவரும் இன்று இரவு வரை சுகம். நாளை காலை ஒன்பது மணிக்குப் பிறகு எங்கள் சுகம் உங்கள் கையில் இருக்கிறது. போர்வைக்குள் டோர்ச் பிடித்துக்கொண்டு எழுதுவதால் எழுத்துக் கோணல், மன்னிக்கவும். கதைத்தால் அடுத்த அறையில் அப்பாவுக்குக் கேட்கும். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உங்களுக்கு இப்போது பகல், உடனே பார்ப்பீர்கள்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடம், கொலன்னாவை எண்ணெய்க் கிடங்கிலிருந்து பவுசர் லொறி வெளிக்கிட்டதா என்று ஊரே விசாரித்துக்கொண்டிருந்தபோது, காலி வீதி காஸ் வரிசையில் வெறும் சிலிண்டருக்கு மேல் உட்கார்ந்து அவர் ஒரு சபதம் எடுத்தார். கடலில் நிற்கிற எண்ணெய்க் கப்பல் கரைக்கு வந்தால்தான் எங்கள் வீட்டில் சோறு வேகும் என்றால் அது சுதந்திர நாடே இல்லையாம். தன் வெயிலையும் தன் காற்றையும் தானே பிடித்து வைக்கிற நாடுதான் சுதந்திர நாடாம். இதை அவர் எங்கள் தொடர்மாடிச் சங்கக் கூட்டத்தில் மூன்று மொழியிலும் சொன்னார். நான்காவது மொழி ஏதும் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயத்தில்தான் எல்லோரும் கையை உயர்த்தினார்கள் என்று அம்மா சொல்கிறா. எப்படியோ மொட்டைமாடிக்கு சோலர் பெனல் வந்துவிட்டது. லிஃப்டும் தண்ணீர் மோட்டரும் அதில்தான் ஓடுகின்றன, மிஞ்சுகிற கரண்டை அரசாங்கத்துக்குக் கொடுக்கிறோம். "நாங்கள் நாட்டுக்குக் கரண்ட் குடுக்கிற ஆக்கள் பிள்ளை" என்று அப்பா சொல்லும்போது முழு இலங்கையும் எங்கள் வயரில் தொங்குவது போல இருக்கும்.

ஆனால் பெனல் வந்த பிறகு மொட்டைமாடியில் ஒரு பாய் விரிக்க இடம் இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்து நீங்கள், கனடாவுக்கு வருகிற ஆளிடம் மோர்மிளகாய் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டீர்கள். கோபிக்க வேண்டாம் பெரியம்மா, எல்லாவற்றுக்கும் மூல காரணம் நீங்கள்தான். தயிரிலும் உப்பிலும் ஊறிய மிளகாயை வட்டாத் தட்டில் தூக்கிக்கொண்டு அம்மா மேலே போனா, நான் பின்னால் போனேன். அங்கே முன்வீட்டுப் பலீலா ஆன்ரி ஊறுகாய்க்கு உப்பில் போட்ட தேசிக்காயோடு நின்றா. இரண்டு பேரும் பெனலைப் பார்த்தார்கள். வெயிலைப் பார்த்துச் சரிந்து, மினுமினுவென்று, தூசி இல்லாமல், தோசைக்கல் மாதிரிச் சூடாக அது கிடந்தது.

"என்னா பாத்துட்டு நிக்கிறீங்க? போடுங்க. தரையில போட்டா எத்தின நாள் செல்லும், இதுல ஒரே வெயில்ல காஞ்சிரும்" என்றா ஆன்ரி.

"ஐயோ, இவர் கண்டா என்னைத் தேசத் துரோகி எண்டு கூட்டக் குறிப்பில எழுதிப்போடுவார்."

"அவர் ஒபிஸ்லதானே ஈக்கிறார்? சூரியன் என்ன ஒங்கட மாப்புளட சொத்தா?"

பழைய சேலை ஒன்று விரிக்கப்பட்டது. அன்றிலிருந்து அப்பா பஸ் ஏறியதும் மிளகாய் மேலே ஏறும். பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் நான் பல்கனியில் காவல். அப்பா பஸ்ஸால் இறங்குவது தெரிந்தால் பலீலா ஆன்ரியின் பெல்லை அடிக்க வேண்டும், லிஃப்ட் மேலே வருவதற்குள் நாட்டின் சுதந்திரம் பழையபடி பளபளக்க வேண்டும். அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்று அம்மா பிள்ளையார் படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறா.

அப்பா சும்மா இருப்பவரா? ஒபிஸில் இருந்தே ஃபோனில் பெனலின் கரண்ட் கணக்கைப் பார்ப்பவர். காலையில் மலை மாதிரி ஏறுகிற கோடு, அவர் ஒபிஸில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதற்குள் பள்ளத்தில் விழுந்துவிடும். ஞாயிறும் போயா விடுமுறையும் மட்டும் சூரியன் குறைவில்லாமல் வேலை செய்யும். பெனல் பூட்டிய இப்ஹாம் நானா மருதானைக் கொம்பனியில் வேலை செய்கிறவர், பலீலா ஆன்ரியின் தங்கச்சி மகன். அப்பா முறைப்பாடு சொல்லும்போதெல்லாம் அவர் பாவம் ஞாயிற்றுக்கிழமையில் ஓடி வருவார்.

"எல்லாம் நல்லாத்தான் ஈக்கி அங்கிள்."

"அப்ப திங்கக்கிழமையில சூரியனுக்கு என்ன வருத்தம் தம்பி?"

"நிழல் ஏதாச்சும் உழுதோ தெரியல்ல."

"மொட்டைமாடியில என்ன நிழல்? காகம் குடை பிடிக்குதோ?"

தேத்தண்ணியோடு நின்ற பலீலா ஆன்ரி வானத்தைப் பார்த்தா. நான் என் செருப்பைப் பார்த்தேன்.

காகம் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. மிளகாய் குறைகிறது பெரியம்மா. உங்களுக்கு வரும் பொதி சிறிதாக இருந்தால் அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். அப்பாவுக்குப் பிரஷர் என்று டொக்டர் உப்பை நிறுத்தியதால் இங்கே ஒரு மிளகாய்கூடப் பொரிப்பதில்லை, முழுவதும் உங்களுக்குத்தான். இது காகத்தின் வேலை. வெள்ளவத்தைக் காகத்துக்கு நல்ல ருசி தெரியும்: தேசிக்காயைத் தொடாது, அரைகுறையாகக் காய்ந்ததையும் தொடாது, மொறுமொறுவென்று காய்ந்த மிளகாயை மட்டும் பொறுக்கி எடுக்கும்.

இனித்தான் பயங்கரம். இன்று பின்னேரம் அப்பா குசினி வாசலில் நின்று ஃபோனில் சத்தமாகச் சொன்னார்: "ஓம், நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு வந்து பெனல் எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போங்கோ. பூட்டின பெடியனிலதான் பிழை. இப்ஹாம் எண்ட அந்தப் பெடியனை வேலையால நிப்பாட்டுங்கோ. ஓம், நாளைக்கே!" ஒவ்வொரு சொல்லும் தெளிவான தமிழில் என் நெஞ்சில் விழுந்தது. அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவே இல்லை. பிறகு நான் இரகசியமாக, "அம்மா, சொல்லுவமே? இப்ஹாம் நானாக்கு வேலை போகப்போகுது" என்று கேட்டேன். "விடியட்டும், யோசிப்பம்" என்று சொல்லிவிட்டு அம்மா படுத்துவிட்டா. குறட்டைகூட வருகிறது. எனக்குத்தான் நித்திரை இல்லை. சொன்னால் சத்தியம் போகும், சொல்லாவிட்டால் ஒன்றும் செய்யாத ஒருவருக்கு வேலை போகும். இரண்டு மிளகாய்க்காக ஒரு மனிசன் வேலையில்லாமல் வீட்டில் இருப்பதா?

ஆகவே பெரியம்மா, தயவுசெய்து எங்கள் நேரம் காலை எட்டு மணிக்கு முன் அப்பாவுக்கு அழைப்பு எடுங்கள். அம்மா அப்பாவின் கலியாணத்தைப் பேசி முடித்தவர் நீங்கள் என்பதால் அவருக்கு உங்களிடம் மட்டும்தான் பயம். உங்கள் சங்கத்தில் காட்டுவதற்குப் பெனல் படம் வேண்டும், ஒரு மாதத்துக்குக் கழற்றக் கூடாது என்று சொல்லுங்கள். வெளிநாட்டுக்குப் படம் போகிறது என்றால் அப்பா எதையும் தள்ளிப்போடுவார். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். மோர்மிளகாயும் கிடைக்கும்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம், அண்ணாவுக்கு அன்பு. என்னை ஆசீர்வதியுங்கள், நாளைக்கு அது தேவைப்படும்.

இப்படிக்கு,
போர்வைக்குள் இருந்து,
யதுர்சிகா

பி.கு.: அழைப்பு எடுக்க வேண்டாம்! படம் பிடிப்பதற்காகக் குசினியில் சார்ஜில் இருந்த டெப்பை எடுக்கப் போனேன். லைற் போடாமல், கரண்ட் அடுப்புக்கு முன்னால் யாரோ குனிந்து நின்றார்கள். வாசனை மூக்கில் ஏறியது. அப்பா!

"படுக்கேல்லையா?" என்றார்.

நான் சட்டியைப் பார்த்தேன். உள்ளே மோர்மிளகாய். "காகம்!" என்றேன்.

"சத்தம் போடாதை பிள்ளை, அம்மா எழும்பிடுவா. நாட்டுக்குக் குடுத்த கரண்டில கொஞ்சம் திருப்பி எடுத்தனான், அவ்வளவுதான்."

ஒரு நாள் பிழையைக் கையும் களவுமாகப் பிடிக்க மத்தியானம் ஒபிஸால் வந்தாராம். பிழை சேலையில் காய்ந்துகொண்டிருந்ததாம். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாராம். அதன் பிறகு மத்தியானம் தவறாமல் பிழை பார்க்க வருகிறாராம்.

"அப்ப நாளைக்குக் கொம்பனிக்காரர்?"

"ஆர் வாறது? ஃபோனில ஒருத்தரும் இல்லை. அம்மா பயந்து தானாச் சொல்லுவா எண்டு நினைச்சன். அவ எங்க பயந்தவ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொம்பனியின் சிங்கள மாத்தயாவோடு, அந்தப் பெரியவரோடு, அப்பா எப்போதும் சிங்களத்தில்தான் கதைப்பார்!

"நீங்களே நேர கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, மத்தியானத்தில மொட்டைமாடியில உங்களுக்கென்ன வேலை எண்டு அவ கேப்பாவே."

"அப்ப நாட்டின்ர சுதந்திரம்?"

"அது ஞாயிற்றுக்கிழமையில நடக்குதுதானே."

இப்ஹாம் நானாவில் ஒரு பிழையும் இல்லை என்று நாளைக்கே கொம்பனிக்குச் சிங்களத்தில் சொல்வதாக அப்பா பிள்ளையார் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார். நான் வாய் திறக்கமாட்டேன் என்று பதில் சத்தியம் செய்தேன். இப்போது எனக்கு இரண்டு சத்தியம். மேலே உள்ளதை அழிக்க மனமில்லை, அப்படியே அனுப்புகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த முறை அம்மாவிடம் இரண்டு மடங்கு மோர்மிளகாய் கேளுங்கள். இந்தத் தாளின் அடியில் ஈரம் தெரிந்தால் நான் பயத்தில் அழுதேன் என்று நினையுங்கள். அது எண்ணெய்.