உலை இன்னும் சிவக்கலை

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். உலைக்குள்ள இருக்குற கத்தி சிவந்ததும் குரல் குடுக்கணும்.

அம்பத்தூர் எஸ்டேட்ல, பேப்பர் வெட்டுற மெஷினுக்குக் கத்தி செய்யுற சின்னப் பட்டறை. தொண்ணூறுகளோட தொடக்கம். பி.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சிட்டு மூணு மாசமா ட்ரையல்ல இருந்தேன். பர்மனென்ட்டா, வீட்டுக்கான்னு அன்னைக்குச் சாயங்காலம் முதலாளி சொல்லப்போறார்.

அந்த நாள் பார்த்து உலையோட சூட்டைக் காட்டுற மீட்டர் படுத்துடுச்சு!

உலையைப் பார்த்துக்குறவர் முனுசாமி அண்ணன். அவர்கிட்ட, "கவலைப்படாதீங்கண்ணே, கலரை வெச்சே சூட்டைச் சொல்லிடலாம்"னேன். "கரும்பொருள் கதிர்வீச்சுன்னு காலேஜ்ல படிச்சிருக்கேன். சூடு ஏற ஏற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. உள்ள இரும்பு இருந்தாலும் செங்கல் இருந்தாலும் ஒரே கலர்தான்!"

"அத்தத்தான் நானு இருவது வருசமா பாத்துகினு கீறேன் நைனா."

அதோட விட்டிருக்கலாம். விடலை.

உலையோட சுவிட்ச்ல மூணே படி. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்காது. அதைக் காட்டி, "ஆற்றலும் இப்படித்தாண்ணே. தண்ணி மாதிரி ஒழுகாது, பொட்டலம் பொட்டலமாத்தான் வரும்"னேன்.

"இன்னாது, பொட்டலமா? சுண்டலா அது?"

கேட்டுட்டு அவர் டீ குடிக்கப் போயிட்டார். "செவப்பு வந்தா கொரல் குடு, வந்துர்றேன்."

உலைக் கதவுல இருந்த ஓட்டை வழியா பார்த்தேன். மங்கலா இருந்துச்சு. சுவிட்சை மூணாவது படிக்கு ஏத்தினேன். கால் மணி நேரம் ஆச்சு, கருஞ்சிவப்புதான். அரை மணி நேரம் ஆச்சு, கொஞ்சம் தேவலை. இந்த உலைக்கு பிசிக்ஸே தெரியலைன்னு எனக்குக் கோபமே வந்துடுச்சு.

திரும்பி வந்த அண்ணன் வாசல்லயே அலறினார். "அய்யய்யோ! இன்னாய்யா இது, மஞ்சளா கீது!"

"சிவப்பே இன்னும் சரியா வரலைண்ணே. புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னா..."

"பொஸ்தகத்த தூக்கி உள்ள போடு! மொதல்ல கண்ணாடிய கயட்டு!"

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு நாளா எனக்கு மெட்ராஸ் ஐ. காலையிலேர்ந்து கூலிங் கிளாஸோடதான் இருந்தேன். ஊரே போட்டுக்கிட்டு அலைஞ்சதால யாருக்கும் வித்தியாசமா தெரியலை. எனக்கும்தான்!

சுவிட்சை அணைச்சுட்டு, இடுக்கியால வெளிய எடுத்தா, ஆறு கத்தியும் வெயில்ல காயவெச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சு கிடந்துச்சு. சரியா அந்த நேரத்துக்கு முதலாளி!

எனக்கு அழுகையே வந்துடுச்சு. கண்ணு ஏற்கெனவே சிவந்திருந்ததால யாரும் கண்டுபிடிக்கலை.

முனுசாமி அண்ணன் என்ன நினைச்சாரோ, என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கிட்டு உலைக்குள்ள குனிஞ்சு பார்த்தார். "இவன் சொல்றது கரெக்ட்டுதான் மொதலாளி. இதுல பாத்தா செவப்பாத்தான் கீது."

முதலாளி எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "இன்னும் மூணு மாசம் ட்ரையல்"னார். வேலையும் பொட்டலமாத்தான் வருது!

மூணாம் நாள் முனுசாமி அண்ணன் கறுப்புக் கண்ணாடியோட வந்து நின்னார். "நைனா, ஒன் பொட்டலம் எனக்கும் வந்துகீது."

மேல விழுற ஒளியை மொத்தமா முழுங்குறதுதான் கரும்பொருள்னு படிச்சிருக்கேன். அது மூக்கு மேல உட்காரும்னு எந்த வாத்தியாரும் சொல்லலை.