லடாக்குக்கு ஒரு ஃபோர்க்

இமயத்தின் உச்சியில் தம் ஊரான அரிமளத்தின் பெயரைப் பொறிக்கப் பிறந்தவர் நிலவழகன். பேருந்து நிறுத்தத்துப் பேனர் அப்படித்தான் சொல்லியது. வாசகம், புகைப்படம், செலவு மூன்றும் நிலவழகனுடையவை. தம் பழைய டூரிங் பைக்கில் அவர் போன ஆகத் தொலைவான ஊர் திருச்சி. திரும்பும்போது அவர் பஸ்ஸில் வந்தார், பைக் லாரியில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை லடாக் பயணத்துக்கு வழியனுப்பு விழா. வியாழக்கிழமைதான் அவர் அந்தச் சாலைகளின் வீடியோவை முழுசாகப் பார்த்தார். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். போகவும் கூடாது, மானமும் போகக் கூடாது.

அந்த நேரம் பார்த்து, பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தது.

"ஃபோர்க்கே போச்சு, சுடர். இந்த மாடலெல்லாம் நிறுத்தி எத்தனையோ வருசமாச்சு. பார்ட்ஸ் எங்கயும் கிடைக்காது," என்றார் மனைவியிடம், முகத்தை இழவு வீட்டுக்குத் தோதாக வைத்துக்கொண்டு.

"அய்யய்யோ, ஊரெல்லாம் சொல்லியாச்சேங்க!" என்று பதறினாள் சுடர்விழி.

மாலைக்குள் கறம்பக்குடியிலிருந்து அவள் தம்பி சேரன் ஒரு ஃபோர்க்கைத் தோளில் சுமந்து வந்து இறங்கினான்.

"அக்கா போன்ல அழுதுச்சு மச்சான். வேற வண்டியோடதுதான், ஆனா கல்லு மாதிரி இருக்கு."

மறுநாள் மெக்கானிக் குழந்தைசாமி வாசலில் வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, முன் சக்கரத்தைக் கழற்றி, பழைய ஃபோர்க்கை உருவினார். வந்ததைச் செருகினார். அதன் தண்டு வண்டிக்குள் லொடலொடவென்று ஆடியது.

"சேராது சார். இது ஒல்லி."

நிலவழகனுக்குள் பட்டாசு வெடித்தது. "என்ன பண்றது, நம்ம விதி. விடுங்க."

"ஏன் விடணும்? எடைவெளிக்கு வளையமாட்டம் ஒரு புஷ் கடைஞ்சு போட்டாச் சரியாப் போயிரும்ல?" என்ற சுடர்விழி, அளவை வாங்கிக்கொண்டு புதுக்கோட்டை லேத்துப் பட்டறைக்கு அப்போதே பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை ஃபோர்க் கச்சிதமாக உட்கார்ந்தது. குழந்தைசாமி டீ குடிக்கப் போன சமயம், நிலவழகன் சக்கரத்தின் ஆக்சில் நட்டை எடுத்துச் சாக்கடையில் போட்டார்.

"நட்டக் காணோமே சார்!"

"இங்கதானய்யா வச்சீங்க?" நிலவழகன் மண்டியிட்டுத் தேடினார். அவ்வளவு சிரத்தையாக அவர் அதுவரை எதையும் தேடியதில்லை.

சுடர்விழி கைப்பையிலிருந்து ஒரு நட்டை எடுத்து நீட்டினாள். "சின்னச் சாமான், எங்கிட்டாவது தொலைஞ்சிரும்னு தோணுச்சு. கையோட வாங்கியாந்தேன்."

"குடுத்து வச்சவரு சார் நீங்க!" என்றார் குழந்தைசாமி.

ஞாயிறன்று மேளம் அடித்தார்கள். அவருக்கொரு மாலை, ஹெட்லைட்டுக்கொரு மாலை. பாழாய்ப்போன ஃபோர்க் எந்தப் பள்ளத்திலும் அலுங்கவில்லை. புதுக்கோட்டை தாண்டியதும் இமயத்துக்குப் போகும் சாலையை விட்டு விலகி, குடுமியான்மலைக்கு வண்டியைத் திருப்பினார். அங்கே தங்கை அன்புமொழியின் வீடு. சொல்லாமல் போய் இறங்கி, ஒரு மாதம் அறைக்குள் கிடந்து, இணையத்தில் எடுத்த பனிமலைப் படங்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, தாடியோடு திரும்ப வேண்டியது. ஈ, எறும்புக்குக்கூடத் தெரியாத திட்டம்.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்கண்ணே, ஏன் இம்புட்டு நேரம்? ஒங்க கைலி, தலகாணி, ஒரு மாசத்துக்குச் சுகர் மாத்திரை எல்லாத்தையும் அண்ணி போன வாரமே பஸ்ஸுல குடுத்துவிட்டுட்டாங்க."