செங்கல் பொடியும் நிம்மதி பிளஸ் திட்டமும்

மனித குலத்தின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நெருப்பு என்பார்கள், சக்கரம் என்பார்கள். விவரம் போதாதவர்கள். நெருப்பு அணைந்தால் அணைந்ததுதான், சக்கரம் கழன்றால் கழன்றதுதான். கொடுத்தவர்கள் அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பொருளை விற்ற பின்னும் வாடிக்கையாளரின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கும் பெருந்தன்மை நம் காலத்தில்தான் பிறந்தது. அதன் பெயர் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம். கடைக்குள் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்போம்.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமில் ‘நிம்மதி பிளஸ்’ வாரண்டித் திட்டத்தை விற்பவன் நான். பெயர் செல்வக்குமார். கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘நிம்மதி ஆலோசகர்’ என்று போட்டிருக்கும். டிவி வாங்க வருகிறவரை நிம்மதி இல்லாமல் வாசல் தாண்ட விடக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் ‘சமூகப் பொறுப்பு’. மாதக் கடைசியில் யார் யார் எத்தனை பேருக்கு நிம்மதி அளித்தோம் என்று மேலாளர் சிவக்குமார் கூட்டம் போட்டுக் கேட்பார். குறைவாக அளித்தவனுக்கு அடுத்த மாதம் முழுக்க நிம்மதி இருக்காது.

ஸ்மார்ட்வாட்ச் பிரிவில் என் செய்முறை விளக்கத்துக்குத் தனி மவுசு உண்டு. ஸ்கூட்டர் சாவியை எடுத்து வாட்ச் கண்ணாடியில் கரகரவென்று கீறுவேன். பார்ப்பவர் பதறிப்போவார். துணியால் துடைத்துக் காட்டுவேன். ஒரு கோடு இருக்காது. “கீறலே விழாது சார்” என்பேன். அவர் முகம் மலரும். அது மலர்ந்திருக்கும்போதே, “ஒருவேளை கீறல் விழுந்துட்டா...” என்று நிம்மதி பிளஸ் அட்டையை எடுத்து முன்னால் வைப்பேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் மூச்சு விடக் கூடாது. விட்டால் வாடிக்கையாளர் யோசித்துவிடுவார்.

அப்படி யோசித்த ஒரே மனிதர் என் மாமனார்.

மாமனார் பெயர் முத்திருளன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்க வேண்டும் என்று என் கடைக்கே வந்துவிட்டார்.

“நீங்க இருக்கிற கடை. நீங்களே நல்லதாப் பாத்து எடுங்க மாப்ள” என்றார்.

எனக்கு வாங்கித் தருகிற வாட்சை அவருக்கு நானே விற்கும் பேறு எத்தனை மாப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? ஒரு குறையும் வைக்காமல் விற்றேன். சாவியால் கீறினேன், துடைத்தேன், அட்டையை எடுத்து வைத்தேன். மாமா சாவி பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“கீறலே விழாதுன்னா, கீறலுக்கு எதுக்கு மாப்ள வாரண்டி?”

“விழாதுங்கிற நம்பிக்கைக்குத்தான் மாமா. அது இருந்தா பயமில்லாமக் கையை வீசி நடக்கலாம்.”

“அப்பப் போடுங்க. எங்க மாப்ள நல்லாக் கையை வீசி நடக்கட்டும்.”

அன்று சாயங்காலக் கூட்டத்தில், சொந்த மாமனாரையே விட்டுவைக்காத என் கடமையுணர்வை சிவக்குமார் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். கைதட்டினார்கள்.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. மாமாவும் அத்தையும் மதுரைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு பொருளும் தப்பாது. அரிவாள்மனையிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் ஓய்வோம்.

“உங்க தொழிலுக்கு ஆயுதம் எது?” என்று என் மனைவி அஸ்வினி கேட்டாள். “வாய்தானே?” என்று பதிலையும் அவளே சொன்னாள்.

வாயைக் கழற்றித் தாம்பாளத்தில் வைக்க முடியாது என்பதால் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அங்கேதான் சரித்திரம் திரும்பியது.

அத்தை அன்னக்கொடிக்குக் கடையில் விற்கும் சபீனா மேல் நம்பிக்கை கிடையாது. குத்துவிளக்குத் தேய்க்க ஊரிலிருந்தே செங்கலை இடித்துச் சலித்துப் பொடியாகக் கொண்டு வந்திருந்தார். விளக்குகள் பளபளவென்று ஆகிவிட்டன. பக்கத்தில் மாப்பிள்ளையின் ஆயுதம் மட்டும் அழுக்காகக் கிடந்தது. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, சாவி பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று நான் ஒரு வருடமாக வீட்டில் அளந்து வைத்திருந்தேன். அதை நம்பி, தேங்காய் நாரில் செங்கல் பொடியைத் தொட்டு, குத்துவிளக்குக்குக் கொடுத்த அதே மரியாதையை வாட்சுக்கும் கொடுத்துவிட்டார். ஒரு மூலை முடுக்கு விடவில்லை.

நான் வந்து பார்த்தபோது உள்ளே வெளிச்சம் இருந்தது, மணி தெரியவில்லை. கண்ணாடி மார்கழிக் காலைப் பனி மாதிரி வெளுத்துப் போயிருந்தது. சாவிக்கு அசராத கண்ணாடி மணலுக்கு அசரும். செங்கலில் மணல் உண்டு. இதை எங்களுக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால்தான் நாங்கள் கடையில் சாவியால் கீறிக் காட்டுகிறோம், மணலால் கீறிக் காட்டுவதில்லை.

அத்தை வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“தலை தீவாளிக்கு எடுத்த பொருளு. நானே தேச்சுக் கெடுத்துப்புட்டேனே மாப்ள.”

அன்றைக்குச் சுண்டலைக்கூட அவர் கையால் தொடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மாமா கொஞ்சமும் அசரவில்லை.

“எதுக்கு அழுகுற? இதுக்குத்தானே அன்னைக்கே நிம்மதி போட்டு வச்சிருக்கு. கொண்டுபோய்க் குடுத்தா மாத்திக் குடுக்கப் போறாங்க. என்ன மாப்ள?”

“ஆமா மாமா” என்றேன். இந்த மாதிரிச் சந்தர்ப்பங்களில் இப்படிச் சொல்வதற்குத்தான் கடை எனக்குச் சம்பளம் தருகிறது.

கடைக்கு வரும் புகாரை முதலில் பரிசீலிக்க வேண்டியவர் நிம்மதி ஆலோசகர் என்பது விதி. ஆகவே, வாடிக்கையாளராகிய நான் என்னைச் சந்திக்கப் போனேன். என்னைக் கொஞ்ச நேரம் காக்க வைத்தேன், அது நடைமுறை. பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். சாருலதா என்ற அதிகாரி எடுத்தார். குரலில் அப்படி ஒரு கனிவு.

“கீறல் எப்ப விழுந்தது சார்?”

“ஆயுத பூஜை அன்னைக்கு மேடம்.”

“விபத்தா சார்?”

“இல்ல மேடம், பூஜை.”

“வருஷா வருஷம் செய்வீங்களா?”

“என் தாத்தா காலத்துலேர்ந்து செய்றோம்.”

“அப்ப அது எதிர்பாராத நிகழ்வு கிடையாது சார். எதிர்பார்த்த நிகழ்வுக்கு நிம்மதி பிளஸ் பொருந்தாது.”

“போன மாசம் ஒருத்தரு கை தவறிக் கீழ போட்டாரே, அது எதிர்பாராததுதானே? அதுக்கும் இல்லன்னுட்டீங்க.”

“கீழ போட்டது கவனக்குறைவு சார்.”

“அப்ப எந்தக் கீறலுக்குத்தான் மேடம் பொருந்தும்?”

“நீங்க கவனமா இருக்கும்போது, எதிர்பாராம, தானா விழுற கீறலுக்கு சார்.”

“அப்படி யாருக்காச்சும் விழுந்திருக்கா?”

“இதுவரைக்கும் இல்ல சார். கண்ணாடி அவ்வளவு தரம்” என்றவர், கீபோர்டில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, “இன்னொரு விஷயம் சார். உங்களுக்குக் கம்பெனி வாரண்டியே இன்னும் முடியல. அது முடிஞ்ச மறுநாள்தான் நிம்மதி பிளஸ் ஆரம்பிக்கும்” என்றார்.

“சரி, தீபாவளி கழிச்சு வாரேன்.”

“அப்ப இது பழைய கீறல் ஆயிடும் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

நான் நெகிழ்ந்துபோனேன். வாட்சுக்குள் தண்ணீர் புகாது என்று சொல்லி விற்கிறோம். அது சின்ன விஷயம். திட்டத்துக்குள் வாடிக்கையாளரே புக முடியாதபடி அல்லவா செய்து வைத்திருக்கிறார்கள். ஆலோசகர் என்ற முறையில் என் கோரிக்கையை நிராகரித்து, என்னிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டேன். வாடிக்கையாளர் என்ற முறையில் கத்தாமல் எழுந்து போனேன். அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் கிடைப்பது அரிது.

சாயங்காலம் ஊரிலிருந்து மாமா போன் செய்தார்.

“மாத்திட்டாங்களா மாப்ள? உங்க அத்தை இன்னமும் சரியாச் சாப்பிட மாட்டேங்கிறா. மாத்திட்டாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாத் தெளிஞ்சிருவா. அம்புட்டுதான்.”

அந்தத் திட்டத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லலாம்தான். சொன்னால், ‘தெரிஞ்சேதான் எனக்கு வித்தீங்களா?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எங்கள் பயிற்சி வகுப்பில் பதில் சொல்லித் தரவில்லை. அத்தை பட்டினி கிடப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை.

“மாத்திட்டாங்க மாமா” என்றேன்.

மறுநாள் மதியம் டவுன்ஹால் ரோட்டில் என் முகம் தெரியாத ஒரு கடைக்குள் நுழைந்தேன். அதே வாட்ச், அதே நிறம். அங்கிருந்த விற்பனையாளர் சாவியை எடுத்துக் கண்ணாடியில் கீறிக் காட்டினார். துடைத்தார். மூச்சு விடாமல் அடுத்த வாக்கியத்துக்கு வந்தார்.

“எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுருவமாண்ணே?”

“வேண்டாம் தம்பி.”

“கீறல் விழுந்தா ரொம்ப வருத்தப்படுவீங்கண்ணே.”

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் சொல்வதுதான். ஒன்றிரண்டு இடத்தில் என்னைவிட நன்றாகவே சொன்னார். கை குலுக்கிப் பாராட்டிவிட்டு, வாரண்டி போடாமல் வெளியே வந்தேன். வீட்டில் அஸ்வினி பையைக் கொட்டிப் பார்த்தாள்.

“இதுக்கு நிம்மதி போடலையா?”

“இல்ல.”

“பரவால்ல. வேலைக்குப் போய் ஏதோ கத்துக்கிட்டுத்தான் வாரீங்க.”

தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். என் மணிக்கட்டைப் பார்த்ததும் அத்தையின் முகம் தெளிந்தது. இலையில் எனக்கு முன்னால் அதிரசம் குவிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவரும் வயிறாரச் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிட்டு முடித்த கையோடு மாமா என்னைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போய், கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

“செங்கப்பொடியப் போட்டுத் தேச்சதுய்யா. ஒரு கேள்வி கேக்காம மாத்திக் குடுத்துட்டாங்க.”

பொங்கல் கழிந்த வாரம் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாமா, அத்தையோடு கல்லுப்பட்டிப் பக்கத்து ஜனம். மிக்சி, டிவி, போன், வாட்ச் என்று ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். எதை எடுத்தாலும், “அந்த நிம்மதியையும் சேத்துப் போடுங்க” என்றார்கள். மேலாளர் சிவக்குமார் தன் அறையை விட்டே ஓடி வந்தார். எங்கிருந்தோ ஒரு சால்வையை வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும் எனக்குப் போர்த்தினார். ‘ஊரகப் பகுதிகளுக்கு நிம்மதியைக் கொண்டு சேர்த்தவர்’ என்றார். மாமா முதல் ஆளாகக் கைதட்டினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை என் பக்கத்தில் வந்தார்.

“வர்ற ஆயுத பூஜைக்கு இன்னும் நைசாச் சலிச்சுக் கொண்டாரேன் மாப்ள. இவுகளுக்கும் சொல்லிருக்கேன். இனி எல்லாரும் பயமில்லாமத் தேய்க்கலாம்ல.”

நான் சிரித்தபடி தலையாட்டினேன். சால்வை வியர்த்தது.

வரிசையில் கடைசியாக நின்றவர் ஆண்டிச்சாமி. மாமாவின் வயலுக்குப் பக்கத்து வயல்காரர். மகளுக்கு ஒரு வாட்ச் எடுத்திருந்தார். வழக்கம்போல் சாவியால் கீறிக் காட்டினேன், துடைத்தேன், அட்டையை வைத்தேன். மூச்சு மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் யோசித்துவிட்டார். என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புதுசா வந்த உங்க வாட்சுக்கும் இதைப் போட்டிருக்கீங்கள்ல தம்பி?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா அவர் தோளில் தட்டினார்.

“போடாம இருப்பாராய்யா? விக்கிறதே அவருதானே.”

ஆண்டிச்சாமிக்கு அது போதுமானதாக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, நான் பேனாவை நீட்டினேன்.